ஆறடி ஆழம்

தையல்நாயகி கண் விழித்ததும் முதலில் பார்ப்பது தங்கையின் தலையைத்தான். எவ்வளவு நரைத்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டால் போதும், எவ்வளவு காலம் தூங்கினோம் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இந்த முறை கறுப்பு என்று பேருக்குக்கூட ஒன்றில்லை.

"என்னா யக்கா அப்படிப் பாக்குற? கெழவியாயிட்டன்னு சொல்லித் தொலையேன்" என்றாள் வல்லி. முன்பல் இரண்டு போயிருந்தன. அந்தச் சந்து வழியாகக் காற்று வந்தது. "மாமாங்கத்துக்கு ஒருக்கா எந்திரிச்சு வந்து இப்படிக் குமரியா நின்னா நான் என்னா பண்ணுவேன்? புதுசா வந்த நர்சு, நீங்க இவங்களுக்கு அம்மாவான்னு கேக்குறா."

"நீ என்ன சொன்ன?"

"ஆமா, இது எனக்குக் கடைசிப் பொண்ணுன்னேன்."

தையல்நாயகி சிரிக்கப் பார்த்தாள். உறைதூக்கத்திலிருந்து எழுந்த உடம்பு சட்டென்று சிரிப்புக்கு ஒத்துழைப்பதில்லை. இருமல்தான் வந்தது. அக்காவுக்கு முப்பத்தொரு வயது. தங்கைக்கு எழுபது. வல்லி பதறிப்போய் அக்காவின் நெஞ்சைத் தடவிவிட்டாள்.

எல்லாம் சட்டத்தின் வேலை. ஒரு காலத்தில் சுரங்கக் கம்பெனிகள் தோண்டுகிற மட்டும் தோண்டும். குழியை மூடித் தருகிறோம், பழையபடி வயலாக்கித் தருகிறோம் என்று எழுதிக் கொடுக்கும். வேலை முடிந்ததும் ஆளைக் காணாது. தேடிப் போனால் கம்பெனிக்கு வேறு பெயர் வந்திருக்கும், கையெழுத்துப் போட்டவர் ஓய்வு பெற்றிருப்பார், இல்லை செத்துப் போயிருப்பார். ஏமாந்து ஏமாந்து அரசாங்கத்துக்கே அலுத்துப் போன சமயத்தில்தான் உடம்பை உறையவைத்து வயது ஏறாமல் தூங்கவைக்கிற உறைதூக்கம் ஆஸ்பத்திரிகளில் பழக்கத்துக்கு வந்தது. யாரோ ஒரு புத்திசாலி இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார். அவர் நல்லவரா கெட்டவரா என்று இன்றுவரை யாரும் தீர்த்துச் சொல்லவில்லை.

நிலத்தைத் திருப்பித் தருவேன் என்று கையெழுத்துப் போடுகிறவர், திருப்பித் தருகிற நாள்வரை இருந்தாக வேண்டும். அவரைப் பெட்டியில் படுக்க வைப்பார்கள். பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை, ஒரு மாதம் எழுப்புவார்கள். அவர் அந்த மண்ணில் நடக்க வேண்டும், அங்கே ஊறிய தண்ணீரைக் குடிக்க வேண்டும், அங்கே விளைந்ததைச் சாப்பிட வேண்டும். பிறகு ஊரைக் கூட்டி, "மண் தேறியதா?" என்று கேட்க வேண்டும். "தேறியது" என்று ஊர் சொன்னால் அவருக்கும் விடுதலை, கம்பெனிக்கும் விடுதலை. ஊர் வாய் திறக்காவிட்டால் மறுபடியும் பெட்டி. கம்பெனி எத்தனை கை மாறினாலும் பெட்டிக்குள் இருப்பவரை மட்டும் மாற்ற முடியாது.

பூவனேரியில் பழுப்பு நிலக்கரி எடுத்த கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டவள் தையல்நாயகி. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அவள்தான் மண் பொறியாளர், திட்டம் அவளுடையது, அதில் அவளுக்கு அவ்வளவு கர்வம். மேல்மண்ணைத் தனியாக வாரி வைத்து, குழியை நிரப்பிய பின் அதே வரிசையில் திரும்பப் பரப்பி, அதற்குள் உயிருள்ள பூஞ்சை நூல்களை எந்திரத்தால் ஊசி கோப்பதுபோல் கோத்துவிட்டால் செத்த மண் பிழைத்துக்கொள்ளும் என்று கண்டுபிடித்தவள் அவள்.

"ஒரே தூக்கம்தான்டி. எந்திரிச்சு வந்து உனக்குப் பொறக்கற புள்ளைக்குக் காதுகுத்து நடத்தறேன், பாரு" என்று சொல்லிவிட்டுத்தான் படுத்தாள்.

முதல் முறை விழித்தபோது வெளியே சாம்பல் நிறத்தில் மேடும் பள்ளமும்தான் கிடந்தன. சீமைக்கருவேல்கூட மனசில்லாமல் நின்றது. வாயில் ஊற்றிய தண்ணீர் துருவாகக் கரித்தது. இரண்டாம் முறை புல் வந்திருந்தது, முந்திரிக் கன்றுகள் இடுப்புயரம் நின்றன. மூன்றாம் முறை நடந்ததை நினைத்தால் அவளுக்கு இப்போதும் மயிர்க்கூச்செறியும். சுரங்கத்துக்காக இறைத்து இறைத்துக் கீழே போயிருந்த நிலத்தடி நீர், இறைப்பை நிறுத்தியதும் தானாக ஏறி வந்துவிட்டது. மோட்டார் இல்லை, கயிறு இல்லை. கிணற்று விளிம்பைத் தாண்டித் தண்ணீர் வழிந்து வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதன் முன்னால் கைகூப்பியபடி நின்றுவிட்டாள். திட்டத்தைப் போட்டவள் அவள்தான், ஆனால் அது தன் வேலை என்று சொல்லிக்கொள்ள அன்றைக்கு அவளுக்கு நாக்கு எழவில்லை.

அவ்வளவும் பார்த்த பிறகு, அந்த மூன்றாம் முறையும் ஊர் வாய் திறக்கவில்லை.

இப்போது நாலாவது முறை. நடக்கத் தெம்பு வந்ததும் வல்லியின் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

முன்தினம் மழை பெய்திருந்தது. தரையெங்கும் சிவப்பு வெல்வெட்டாகத் தம்பலப்பூச்சிகள் ஊர்ந்துகொண்டிருந்தன, கால் வைக்க இடமில்லை. தம்பலப்பூச்சியை எந்த எந்திரமும் கொண்டுவந்து விடவில்லை. அது மண்ணுக்குள் வருடக்கணக்கில் கிடந்து, மண் சரியென்று பட்டால் மட்டும் மேலே வருகிற பிராணி. வாய்க்கால் ஓரத்தில் அவள் உயரத்துக்குக் கரையான் புற்று எழும்பியிருந்தது. ஈச்ச மரத்தில் தூக்கணாங்குருவிக் கூடுகள். அதைத் தாண்டி, ஒரு காலத்தில் லாரிகள் ஊர்ந்த பாதாளம், இப்போது ஏரியாக வானத்தைப் பிடித்து வைத்திருந்தது. நாரைகள் வேறு. நெல் வயலில் பச்சை அலையடித்தது.

தையல்நாயகி ஈர வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மனுஷர் பிடுங்கியதை மண் இத்தனை பொறுமையாகத் திரும்பக் கட்டிக்கொண்டிருக்கிறதே என்று பிரமிப்பாக இருந்தது.

"வல்லி, இந்தத் தடவை முடிஞ்சுதுடி. இதுக்கு மேல என்ன வேணும்? இனிமே உன்கூடவே இருந்துடுவேன். உனக்கு நான் தலை வாரிவிடறேன்."

வல்லி குனிந்தாள். அக்காவின் காலில் ஏறிய தம்பலப்பூச்சி ஒன்றை மெதுவாக எடுத்துப் புல்லில் விட்டாள்.

மாதக் கடைசிக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஊர்க்கூட்டம் கூடியது. நில மீட்பு வாரியத்திலிருந்து ரெஹானா என்ற அதிகாரி வந்திருந்தார். சிரித்த முகம், ஆனால் சட்டத்தில் கறார். கம்பெனி சார்பில் ஒருவர் வந்து கைகட்டி நின்றார். கம்பெனிக்கு இப்போது நாலாவது பெயர். ஊராட்சித் தலைவர் பொன்னரசு மாலையோடு வந்தார். முதல் முறை விழித்தபோது இதே பொன்னரசு அரைஞாண் கயிறோடு ஓடிக்கொண்டிருந்த பிள்ளை. இப்போது தலைமுடி முன்நெற்றியை விட்டுப் பின்வாங்கியிருந்தது. வல்லி இந்த ஊரிலேயே கலியாணம் செய்துகொண்டவள் ஆதலால் அவருக்கு அவள் சின்னம்மா. அந்த முறைப்படி தன்னைவிட இளையவளான தையல்நாயகியை வாய் நிறையப் பெரியம்மா என்று கூப்பிடுவார்.

அவள் தண்ணீரைக் குடித்தாள். இனித்தது. வாழையிலையில் வைத்த புதுநெல் சோற்றை உருட்டி உண்டாள். பிறகு எழுந்து நின்று கேட்டாள்.

"மண் தேறியதா?"

சத்தமில்லை. முன்வரிசையில் ஒருவர் துண்டை எடுத்து மடித்தார். பெண்கள் தரையைப் பார்த்தார்கள்.

"மண் தேறியதா?"

பொன்னரசு தொண்டையைச் செருமினார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் மறுபடியும் செருமிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

தையல்நாயகி மூன்றாவது முறையும் கேட்டாள். மூன்று முறைதான் கேட்கலாம், மேற்கொண்டு ஒரு வார்த்தை சேர்க்கக் கூடாது, கெஞ்சக் கூடாது. அது விதி. ரெஹானா பெருமூச்சு விட்டபடி, "ஊர் பதில் சொல்லவில்லை" என்று அறிவித்தார்.

வல்லியின் வீட்டுக்கு வந்ததும் தையல்நாயகி வெடித்தாள்.

"என்ன மனுஷங்கடி இவங்க? தண்ணி குடுத்தேன், வயல் குடுத்தேன், குருவி வந்து கூடு கட்டுது. குருவிக்குத் தெரிஞ்சது இவங்களுக்குத் தெரியலையா? எம்மேல அப்படி என்ன வஞ்சம்? அடுத்த தடவை நான் எந்திரிக்கும்போது நீ இருப்பியோ மாட்டியோ!"

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. வல்லி அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வஞ்சமெல்லாம் இல்லக்கா. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு ஊரே வாயைக் கட்டிக்கிட்டு இருக்கு. பொட்டியில படுக்கப் போறவ முன்னாடி எவன் சாவுப் பேச்சு எடுப்பான்? அபசகுனம்னு நெனைக்கறாங்க. நானும்தான் நெனைச்சேன். இத்தனை வருசமா நானும்தான் சொல்லல."

"எந்தச் சாவு?"

"எல்லாச் சாவும்தான்." வல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எங்க சனம் எரிக்கறதில்ல, பொதைக்கறதுதான். பழைய இடுகாடு சுரங்கத்தோட போயிடுச்சு. நீ மொத தடவை எந்திரிச்சுப் படுத்த பின்னாடி, சடையன்னு ஒருத்தர் இறந்தாரு. புது மண்ணுதான் இருக்கேன்னு இங்கயே வச்சாங்க. பொதச்ச எடத்து மேடு நாளாக ஆக அமுங்கணும்ல? அமுங்கவேயில்ல. அப்பறம் ஒரு நாள் வாய்க்கால் வெட்டறப்ப அந்தக் கரை சரிஞ்சுது. பல வருசம் கழிச்சு, மனுசன் வச்சது வச்சபடி கெடக்கறாரு. வேட்டிக் கரையில சாயம்கூடப் போகல. அவரு மவன் அதைப் பார்த்துட்டு ஆத்தோரமா நடந்து போனவன்தான், ஊருக்குத் திரும்பல."

தையல்நாயகி தங்கையின் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"அதுலேருந்து எல்லாரையும் வெள்ளாத்துக்கு அந்தப் பக்கம்தான் தூக்கிட்டுப் போறோம். எரவல் மண்ணு. என் வீட்டுக்காரரு ஐப்பசி வெள்ளத்துல போய்ச் சேர்ந்தாரு. தண்ணி வடியிற மட்டும் கரையில வச்சுக்கிட்டு நனைஞ்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். அக்கரைக்குப் போனா அந்த ஊர்க்காரன், ஓரமாப் போட்டுக்குங்கன்னான். ஓரமா! சோறு போடுற மண்ணு, தண்ணி குடுக்குற மண்ணு, எல்லாம் சரிதான். செத்தா ஏத்துக்காத மண்ணை எப்படிக்கா எங்க மண்ணுன்னு சொல்றது? அதான் நீ கேக்கறப்ப வாய் வர மாட்டேங்குது. தேறலன்னு சொல்ல உம்மொகத்தைப் பார்த்தா மனசு வரல. தேறிடுச்சுன்னு பொய் சொல்லவும் வரல."

காரணம் தையல்நாயகிக்கு உடனே புரிந்துவிட்டது. அதுதான் கொடுமை.

"நூலெல்லாம் நான் வேர் போற ஆழத்துக்குத்தான் கோத்தேன்" என்றாள் மெல்ல. "இடுப்பளவு ஆழம். அதுவரைக்கும்தான் மண்ணு உயிரோட இருக்கு. அதுக்குக் கீழ கெடக்கறது பாதாளத்துலேருந்து வாரிக் கொட்டின களி. காத்து இல்ல, புழு இல்ல. அங்க எது போனாலும் மக்காது. பயிருக்கு அது போதும்டி. பயிர் வரைக்கும்தான் நான் யோசிச்சேன்."

மறுநாளே அவள் ரெஹானாவைப் பிடித்தாள். கம்பெனிக்காரரையும் பிடித்தாள். தேறவில்லை என்று ஊர் காட்டிவிட்டதால் வேலையைத் தொடர வேண்டிய கடமை கம்பெனிக்கு இருக்கிறது. எந்த வேலை என்று சொல்லும் உரிமை அவளுக்கு. "ஆறடிக்குக் கீழ வரைக்கும் நூல் போகணும். ஆழமா வேர் விடற மரமா வைங்க, கரையானைக் கலைக்காதீங்க, களியைத் துளைச்சுக் காத்து விடுங்க" என்று மிச்சமிருந்த நாட்களில் வயல் வயலாக நடந்து இடம் காட்டினாள். இடுகாட்டுக்கென்று ஊர் ஒதுக்கியிருந்த மேட்டில்தான் முதல் எந்திரம் இறங்கியது.

அங்கே நின்றபோதுதான் பொன்னரசு தயங்கித் தயங்கிச் சொன்னார். "எல்லாம் சரி பெரியம்மா. மண்ணு சரியாச்சான்னு பாக்கணும்னா யாராச்சும் ஒருத்தரை இங்க வைக்கணும்ல? தன் வீட்டுச் சவத்தைச் சோதனைக்கு எவன் குடுப்பான்? நான் எங்கப்பாருக்கு மாட்டேன். சடையனுக்கு ஆனது தெரிஞ்சு எப்படி வைப்பேன்?"

"ஏன், நான் இருக்கேன்ல?" என்றாள் வல்லி.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ஒரு பனங்கன்றுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள்.

"எனக்குப் புள்ளையா குட்டியா, மறுக்கறதுக்கு? என்னையை அக்கரைக்குத் தூக்காதீங்க. இங்கயே வைங்க."

"வாயை மூடுடி!" தையல்நாயகி அதட்டினாள். "மண்ணு ஏத்துக்கலன்னா?"

"ஏத்துக்கலன்னா நல்லதாப் போச்சு. நீ எந்திரிச்சு வந்து தோண்டிப் பாரு, என் மொகம் இப்படியே இருக்கும். ஏத்துக்கிட்டா நீ விடுதலை. ரெண்டுல எது நடந்தாலும் லாபம் உனக்குத்தான்." வல்லி வெற்றிலையை வாயில் அதக்கிக்கொண்டு சிரித்தாள். "சின்ன வயசுலேருந்தே நல்லதெல்லாம் உனக்கேதானே வருது."

தையல்நாயகி அவளை அடிக்கக் கை ஓங்கினாள். ஓங்கிய கையாலேயே கட்டிக்கொண்டாள்.

பெட்டி மூடுகிற அன்றைக்கு வல்லி விபூதி பூசிவிட்டாள். வழக்கமாக, "போயிட்டு வாக்கா" என்பாள். அன்றும் அதையேதான் சொன்னாள், குரலில் எந்த வித்தியாசமும் காட்டாமல்.

ஐந்தாவது முறை விழித்தபோது தையல்நாயகி கண்ணைத் திறந்து நரையைத் தேடினாள். நாற்காலி காலியாக இருந்தது. அதற்குப் பின்னால் பொன்னரசு நின்றிருந்தார், முழுக்க வெளுத்த மீசையோடு.

"எப்ப?" என்றாள்.

"நீங்க படுத்து மூணு வருசத்துல, பெரியம்மா. தூக்கத்துலயே. சொன்னபடியே பண்ணிட்டோம்."

அவளுக்கு அழுகை வரவில்லை. நடக்க முடிந்த அன்றே, "என்னைக் கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

இடுகாட்டு மேடே அடையாளம் தெரியவில்லை. பனங்கன்று பனையாகி நின்றது. புங்கமும் மருதமும் நிழல் விரித்திருந்தன. தரை சமமாக, முழங்கால் உயரப் புல்லோடு கிடந்தது. அவள் கண் மண்மேட்டைத் தேடியது. ஒரு மூலையில் ஒரு சின்ன ஏற்றமாவது இருக்கும் என்று தேடினாள். உண்மையைச் சொன்னால், இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். இருந்தால் தோண்டலாம். தோண்டினால் அந்தப் பொக்கை வாய்ச் சிரிப்பு அப்படியே இருக்கும்.

"எங்க?"

பொன்னரசு பனையிலிருந்து நடந்து பார்த்தார், தலையைச் சொறிந்தார், இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனார். "இந்தச் சுத்துலதான். மேடு ரெண்டு மழை தாங்கல பெரியம்மா, அமுங்கிப் போச்சு. அப்பறம் எங்க அப்பாரை வைக்கப் பக்கத்துல தோண்டினோம். கொஞ்சம் தள்ளித் தோண்டிட்டம் போலிருக்கு, சின்னம்மா இருந்த எடமே வந்துடுச்சு." அவர் குரல் தாழ்ந்தது. "ஒண்ணுமே இல்ல. மண்ணுதான். கறுப்பா, பொலபொலன்னு. ஊரே குழிக்குள்ள எட்டிப் பார்த்து அழுதுச்சு. சந்தோசத்துல."

அவள் மண்டியிட்டு விரல்களை மண்ணுக்குள் விட்டாள். தடையே இல்லாமல் மணிக்கட்டு வரை இறங்கியது. உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. கையை எடுத்தபோது விரல்களைச் சுற்றி வெள்ளை நூல்கள் தொற்றிக்கொண்டு வந்தன. மயிரிழையைவிட மெல்லிசு. அவள் கோத்துவிட்ட நூலின் எத்தனையாவது தலைமுறையோ. முதலில் அவள் யோசிக்காத ஆழத்துக்குப் போய், அவளுடைய தங்கையையும் தொட்டுத் திரும்பிய நூல். நரைமுடி மாதிரியே இருந்தது. அதை உதறாமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பொன்னரசு அவசரப்படுத்தவில்லை.

கூட்டத்தில் அவள் முதல் முறை கேட்கும்போதே, கேள்வி முடிவதற்குள் ஊர் சொல்லிவிட்டது. ஆணும் பெண்ணும் எழுந்து நின்று சொன்னார்கள்.

"வாங்கிக்கிச்சு!"

வாரியத்திலிருந்து வந்த புது அதிகாரி குழம்பிப்போனார். "தேறியது என்று சொன்னால்தானே நான் பதிய முடியும்? வாங்கிக்கொண்டது என்றால் என்ன?"

"அதுக்கு மேல ஒண்ணு இல்ல சார்" என்றாள் தையல்நாயகி. "அப்படியே போட்டுக்குங்க."

அன்று அவள் பெட்டிக்குப் போகவில்லை. வல்லியின் வீட்டில், வல்லியின் பாயில் படுத்தாள். தூங்கப் பயமாக இருந்தது. எப்படியோ தூங்கிவிட்டாள்.

விழித்தபோது வெயில் முகத்தில் அடித்தது. பொன்னரசின் மனைவி செல்லம் காப்பித் தம்ளரோடு நின்றிருந்தாள். தையல்நாயகி பதறி எழுந்து அவள் தலையைப் பார்த்தாள். அதே நரை, அதே கொண்டை, நேற்று வைத்த கனகாம்பரம் வாடியபடி அதே இடத்தில்.

"எத்தனை வருசமாச்சு?" என்றாள்.

செல்லத்துக்கு முதலில் புரியவில்லை. பிறகு சிரித்தாள். "ராத்திரி படுத்தீங்க. இப்ப விடிஞ்சிருக்கு. அவ்வளவுதான்."

தையல்நாயகி தம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.